பத்து டிகிரிக்குக் கீழே பட்டினி!

டோக்கியோவில் ஷிங்கன்சென் ரயில் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் நாகஓகா. நடுவில் 22 கிலோமீட்டர் சுரங்கம். நுழையும்போது பளீர் வெயில். வெளியே வந்தால், ஏப்ரல் மாசத்திலும் மலையெல்லாம் பனி! ஆபீஸ் வேலையாக என்னை மூணு வாரத்துக்கு இங்கே அனுப்பி, பக்கத்து ஊரான ஒஜியாவில் ஒரு தாத்தா வீட்டு மாடியில் தங்க வைத்தார்கள்.

மீன் என்றால் குழம்பு, வறுவல் என்று ரெண்டே ஜாதி தெரிந்தவன் நான். ஒஜியாவோ கலர் கெண்டைகளின் பிறந்த வீடு! ஊரை ஒட்டிய யமகோஷி மலைக் கிராமங்களில் 3 மீட்டருக்கு மேல் பனி கொட்டி வழியை அடைத்துவிடும். அந்த மாதங்களில் தின்பதற்கென்றே விவசாயிகள் குளத்தில் கெண்டை வளர்த்தார்கள். 1800-களின் ஆரம்பத்தில் அதிலே ஒன்றிரண்டு சிவப்பாகப் பிறக்க, 'இதையா சட்டியில் போடுவது?' என்று தனியே எடுத்து வைத்தார்கள். 1914-ல் டோக்கியோ கண்காட்சியில் வைத்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். 2018-ல் ஒரே ஒரு கெண்டை 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. நம் ரூபாயில் பத்துக் கோடியைத் தாண்டும். இனிமேல் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை கேட்டு மயக்கம் போடாதீர்கள்!

தாத்தா வீட்டுக் கொல்லையிலும் ஒரு குளம். நெஞ்சளவு ஆழம், ஏழு மீன்கள். நான் போய்ச் சேர்ந்த வாரம் வெயில் நன்றாகவே அடித்தது. ஓரத்தில் போய் நின்றால் போதும், ஏழும் மேலே வந்து 'ஆ... ஆ...' என்று வாயைத் திறக்கும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற திசையைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை! தீனி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் தாத்தா போடமாட்டார்.

"நவம்பர் கடைசியிலேர்ந்து இதுங்க ஒண்ணும் சாப்பிடலை" என்றார், ஏதோ பெருமை மாதிரி.

என் தமிழ் மனசு பதறியது. நாலு மாசப் பட்டினி! கேட்டவனுக்கு ஒரு பிடி போட்டால் என்ன சார்?

தாத்தா பதில் சொல்லவில்லை. கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரின் அடியிலிருந்து இழுத்துக் காட்டினார். காலையில் 8 டிகிரி, மதியம் 11. வெளியே காற்று 19!

விஷயம் இதுதான். நம் உடம்பு 37 டிகிரியில் செட் பண்ணி வைத்த பாய்லர். மீனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் எத்தனை டிகிரியோ அதுதான் அதன் உடம்புச் சூடு. கெண்டைக்கு இரைப்பையே இல்லை. பல்கூட தொண்டைக்குள்தான் இருக்கிறது. அரைத்து விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகிறது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் குடல் கிட்டத்தட்ட லீவு போட்டுவிடும். மதிய வெயிலை நம்பித் தின்றுவிட்டு, ராத்திரி தண்ணீர் சில்லிட்டால் தின்றது நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். மிச்சம் மிதக்கும் தீனி அழுகும். அதைச் சுத்தம் பண்ண ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியாக்களும் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். தண்ணீரில் அமோனியா ஏறும். மீனின் எதிர்ப்புச் சக்தியோ எல்லாருக்கும் கடைசியாகத்தான் எழுந்திருக்கும். இந்த இடைவெளியில் கிருமிகள் முந்திக்கொள்ளும்.

"பனியில மீன் சாகாது. பனி போனப்புறம்தான் சாகும்" என்றார் தாத்தா.

அந்த சனிக்கிழமை டோக்கியோவிலிருந்து பேரன் வந்தான். ஆறு வயசு. செருப்பைக் கழற்றுகிறதுக்கு முன்னாலேயே டப்பாவில் கை வைத்துவிட்டான். "இன்னிக்கு வேண்டாம்டா" என்றார் தாத்தா. "அப்போ நாளைக்கு?" தாத்தா வானத்தைப் பார்த்தார். செர்ரி பூக்கிற நேரத்தில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு இங்கே தனிப் பெயரே உண்டு: 'ஹனாபியே', பூக்குளிர். டிவியில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி, அவன் தூங்கினப்புறம், தாத்தா எனக்குப் பெரிய வெள்ளை மீனைக் காட்டினார். முதுகில் சிவப்புத் திட்டு, 'கோஹாக்கு' ஜாதி. 2004 அக்டோபர் 23-ந் தேதி பூகம்பம், 6.8. யமகோஷியின் ரோடெல்லாம் மலைச்சரிவில் போய்விட, ஊரையே ஹெலிகாப்டரில் காலி பண்ணினார்கள். கரண்ட் போய், தண்ணீர் வற்றி, குளம் குளமாக மீன்கள் செத்தன. தாத்தாவின் சிநேகிதர் அங்கே மீன் வளர்த்தவர். அவருக்கு மிஞ்சினவற்றில் ஒரு குஞ்சுதான் இது. "அவன் போய்ட்டான். இது இருக்கு" என்றார். அதற்குமேல் நான் 'ஒரு பிடி போட்டா என்ன' என்று கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் வெயில் இன்னும் அடித்தது. மீன்கள் வாயைத் திறந்தன. பேரன் கெஞ்சினான், அழுதான், உருண்டான். அவன் அம்மாகூட, "நாலு உருண்டைதானேப்பா?" என்றாள். எனக்கே சங்கடமாக இருந்தது. தாத்தா டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயந்திர ரயிலுக்குக் கிளம்பும்போது பேரன் அவருக்கு டாட்டா காட்டவில்லை.

திங்கள் விடியற்காலை பனி கொட்டியது! தண்ணீர் 6 டிகிரி. ஏழும் அடியில், ஆபீஸில் மானேஜர் ரூமுக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. தாத்தா குடையோடு நின்று எண்ணினார். ரெண்டு தடவை.

பிறகு ஏறியது. 9, 11, மறுபடி 10, 12. அடுத்த வாரம் விடியற்காலையிலும் 13-க்குக் கீழே இறங்காமல் நாலு நாள் நின்றது. ஞாயிறு மதியம் தாத்தா டப்பாவைத் திறந்தார். கோதுமை முளையில் செய்த, சுலபமாக ஜீரணமாகிற தீனி. 15 டிகிரி தாண்டும் வரை வேறு எதுவும் கிடையாதாம்.

போடுவதற்கு முன்னால் டோக்கியோவுக்குப் போன் போட்டார். பேரன் 'ம்' என்றான், விறைப்பாக. தாத்தா கஷ்டப்பட்டுக் குனிந்து, ஒரு கையால் அரைப் பிடியைத் தூவி, மறு கையால் போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நீட்டினார்.

சப்... சப்... சப்...

போனுக்குள்ளிருந்து, "அந்த வெள்ளை மீனா தாத்தா?" என்று கேட்டது.