ஞாயிற்றுக் காற்றின் கொந்தளிப்பு

நமது கல்லூரிப் பெருவிழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய நம்மிடம் இலக்கியப் பொருளையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், அரிப்பில் நம்மிடம் பயிலும் மாணவனொருவன் எழுப்பிய வினா நம் நெஞ்சை விட்டகலவில்லை. இக்கால விஞ்ஞான நுட்பங்களைத் தமிழில் விளங்கச் சொல்ல முடியுமாவென்று அவன் வினவினான். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுவதை அவன் அறிவான். தன் மொழி அதுவரை தன்னுடன் வருமா என்னும் அச்சமே அவ்வாறு கேட்கச் செய்தது. அவனுக்கு விடையாக ஞாயிற்றுக் காற்றைப் பற்றிச் சில கூற முற்படுகின்றோம்.

ஞாயிறு ஒளியை மட்டுமன்றி, மின்னேற்றமுடைய நுண்துணிக்கைகளையும் இடையறாது வெளியே வீசுகின்றது. செக்கனுக்கு 300 முதல் 800 கிலோமீற்றர் வரை விரையும் இவ்வோட்டம், 15 கோடிக் கிலோமீற்றர் கடந்து, சில நாட்களிற் பூமியை அடைகின்றது. யூஜின் பார்க்கர் இதனைக் கணித்துரைத்த கட்டுரையை, மதிப்பிட்ட அறிஞர் இருவரும் மறுத்தனர். இதழாசிரியராயிருந்தவரோ சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். தமக்கு அக்கருத்து உடன்பாடன்றெனினும், கணிதத்திற் பிழை காணாமையால் 1958இல் அதனை வெளியிட்டார்.

அக்காற்று அமைதியாக வீசுவதன்று. கொந்தளிப்பு என்பது யாதென அரிப்பிற் பிறந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாரியில் அருவியாறு பெருகிக் கடலொடு கலக்குமிடத்தை நோக்குக. பெருஞ்சுழி உடைந்து சிறுசுழிகளாகும். அவை உடைந்து மேலும் நுண்ணியவாகும். இறுதியில் அவ்வியக்கம் வெப்பமாகிக் கரைந்துவிடும். ஞாயிற்றுக் காற்றிலும் இத்தகையதே நிகழ்கின்றது. ஆங்கு நீருக்குப் பதிலாகக் காந்தப் புலத்தொடு பிணைந்த துணிக்கைகள் உள.

ஞாயிற்றுக்கு அண்மையில் இவ்வலைகளிற் பெரும்பாலன வெளிநோக்கியே ஓடுகின்றன; காந்தப் புலம் திடீரெனத் திசை மடிந்து மீள்கின்றது. பார்க்கரின் பெயர் தாங்கி 2018இல் ஏவப்பட்ட ஆய்கலம் இவற்றை அருகிருந்து அளந்தது. 2024 டிசெம்பர் 24இல் அது ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கிற்று. தொலைவு மிக மிக அலைகளின் வலி குறைகின்றது. உள்நோக்கி வரும் அலைகளின் பங்கு மிகுகின்றது. இருதிறத்தனவும் மோதப் பெரியன சிறியனவாக உடைகின்றன. விரியும் வாயு குளிர்தல் இயற்கை. இக்காற்றோ எதிர்பார்த்த அளவுக்குக் குளிர்வதில்லை. உடைந்த கொந்தளிப்பே வெப்பமாகி அதனைக் காக்கின்றதென்பது அறிஞர் துணிபு.

இவற்றை அறியக் கலம் ஏவுதல் ஒன்றே வழியன்று. உதகமண்டலத்துக்கு அண்மையில், கோவிந்த் சுவரூப் தலைமையில், 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கிற்று. மலைச்சரிவு அவ்விடத்து அகலக்கோட்டின் அளவுக்கு ஒத்திருந்தமையால், அதன் நெடிய அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. வளிமண்டலத்தால் விண்மீன் மினுங்குவதுபோல, ஞாயிற்றுக் காற்றின் கொந்தளிப்பாற் சேய்மையிலுள்ள நுண்ணிய வானொலி மூலங்களும் மினுங்குகின்றன. மிக நெருங்கிய பகுதியை ஒழித்து நோக்கின், பார்வைக்கோடு ஞாயிற்றை அணுக மினுக்கம் மிகுகின்றது, விலகக் குறைகின்றது. அதனை அளந்தே, எத்தொலைவிற் கொந்தளிப்பு எவ்வளவென அங்குள்ளோர் கணித்து வந்துள்ளனர்.

சுழி, அலை, கொந்தளிப்பு, மினுக்கம் என்பன யாவும் நம் மாணவன் முன்பே அறிந்த சொற்கள். குறை மொழியிலன்று, அறிந்தோர் எழுதாமையிலேயே உளது. பொறியியலாளராயும் மருத்துவராயும் விஞ்ஞானிகளாயும் பல நாடுகளிற் பரந்து வாழும் பழைய மாணவரை நாம் வேண்டுவது ஒன்றே. தத்தம் துறைப் பொருளொன்றை ஆண்டுக்கொரு முறையேனும் தமிழில் எழுதி நமது கல்லூரி நூலகத்துக்கு அனுப்புக. ஆங்கிலம் வேண்டாவென்பது நம் கருத்தன்று. அம்மாணவன் அதனைக் கற்றே ஆகவேண்டும். ஆயின் அவன் முதன்முதலாக வியப்பது தன் தாய்மொழியிலாகுக.