தண்ணீர் காட்டாத கற்கள்

எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பாதையில் பன்னிரண்டு கான்கிரீட் கற்கள் போட்டேன். ஏழு உடைந்துவிட்டன. தப்பு என்னுடையது, பழி ஒரு கொத்தனார் மேல் விழுந்தது. விழவைத்தவனும் நான்தான்.

சின்னமனூர்ப் பக்கம் வீடு. பின்வாசலிலிருந்து துவைகல் வரை செம்மண். ஒரு தூறல் போட்டாலே செருப்பு பதியும். ஆள் வைத்தால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று நானே இறங்கினேன். தெரிந்த கொத்தனாரிடம் அளவு மட்டும் ஓசியில் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு சட்டி சிமெண்ட், ரெண்டு சட்டி எம்-சாண்ட், மூணு சட்டி சின்ன ஜல்லி. தண்ணியப் பாத்து ஊத்துங்க தம்பி, கொழகொழன்னு போயிரக் கூடாது. மறுநாள்ல இருந்து ஈரச்சாக்கப் போட்டு மூடி, பத்து நாளைக்குத் தண்ணி காட்டணும். ஆடிக்காத்து வேற."

அளவு மட்டும்தான் என் காதில் ஏறியது.

நாலு பெயிண்ட் வாளிகளின் அடிப்பாகத்தை அறுத்து, உள்ளே பழைய ஆயில் தடவி, மூன்று தடவையாக வார்த்தேன். கலவை கெட்டியாக இருந்து கை வலித்ததால், இன்னும் அரை வாளி தண்ணீரைச் சேர்த்தேன். வழவழவென்று பரவியது. மேலே தேக்கிலையை அழுத்தி எடுத்தபோது நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டு நாள் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன்.

ஆடியில் மழையைக் கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு மலையிறங்கும் காற்று, கொடியில் போட்ட வேட்டியை அரை மணியில் மொடமொடவென்று ஆக்கிவிடும். அந்தக் காற்றில் கற்களைத் திறந்து போட்டிருந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. நான் வேதியியல் வாத்தியார். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அதன் வலிமையை 28-ஆம் நாளில்தான் சோதித்துச் சொல்வார்கள் என்று பாடம் நடத்துகிறவன். கலவையில் அதிகமாகச் சேர்ந்த தண்ணீர் வெளியேறியதும் உள்ளே துளைகளே மிஞ்சும் என்பதும் தெரியும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நிற்கிறது, அதைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற மண் நம்முடையது என்று வகுப்பில் மார்தட்டுவேன். என் கற்கள் ஐப்பசியைத் தாண்டவில்லை.

அம்மா குடத்தோடு மிதித்ததும் ஒரு கல்லின் ஓரம் பொடிந்தது. நல்லவேளை, முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னடா கல்லு இது?" என்றார்.

"கொத்தனார் சொன்ன அளவு சரியில்லம்மா."

யோசிக்கக்கூட இல்லை; பொய் தானாக வந்தது. வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுச்சுவர் வேலையை அதே கொத்தனாரிடம் கொடுப்பதாக இருந்தவர், மறுவாரம் வேறு ஆளைக் கூட்டிவந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் கொத்தனார் கேட்டார்: "கல்லு எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்குண்ணே."

டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

எதிர்வீட்டுக்காரரிடம் நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். சுவர் முழுசாக எழும்பி, பூச்சும் முடிந்திருந்தது.