அரும்பு மீசைக்கு ஆயுள் தடை

ஹேக் போட்டு ஆடினானா இல்லையா என்று கண்டுபிடிப்பது என் தொழிலில் எளிய பாதி. மொபைல் கேம் போட்டிகளுக்கும் ஸ்க்ரிம் எனும் பயிற்சி ஆட்டங்களுக்கும் நான் அட்மின். ரூம் போடுவது, ஸ்லாட் ஒதுக்குவது, பாயிண்ட் டேபிள் போடுவது போக, புகார் வந்தால் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் என் வேலைதான். ஆடுகிறவர்களிடம் திரைப் பதிவையும், விரல்களைக் காட்டும் ஹேண்ட்கேம் பதிவையும் கேட்டு வாங்குவோம். திரையையும் விரலையும் அருகருகே ஓடவிட்டால் பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். விரல் அசையாமல் குறி மட்டும் எதிரியின் தலைக்குத் தாவினால் எய்ம்பாட். சுவருக்குப் பின்னால் நடப்பவனோடு குறியும் சேர்ந்தே நகர்ந்தால் வால்ஹேக்.

ஒரே ஒரு கில்லை வைத்து யாரையும் நான் பிடிப்பதில்லை. நல்ல காது உள்ளவன் காலடிச் சத்தத்திலேயே சுவருக்கு அப்பால் ஆள் இருப்பதைச் சொல்லிவிடுவான். அதனால் ஆட்டம் முழுவதையும் பார்ப்பேன். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிட்டவன் தேடுவதை நிறுத்திவிடுவான். காலி வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டான். சுட்ட இடத்தைவிட, பார்க்காமல் விட்ட இடம்தான் பெரும்பாலும் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

மறுபாதி, எத்தனை நாள் வெளியே நிறுத்துவது என்பது. பிடிபட்டவன் பள்ளிக்கூடப் பையனாகவும் லைவ் போட்டுப் பெயர் வாங்கியவனாகவும் இருந்துவிட்டால் இந்தப் பாதி கனத்துவிடுகிறது.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் ஜார்விஸ் கத்ரி பெயர் வரும். ஃபேஸ் கிளான் அணியில் இருந்த பிரிட்டிஷ் பையன். 2019 நவம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டிலிருந்து அவனை ஆயுளுக்கும் தடை செய்தது எபிக் கேம்ஸ். அப்போது வயது 17. போட்டியில் பரிசுக்காக அவன் ஏமாற்றவில்லை. வேறொரு கணக்கில் எய்ம்பாட் போட்டு ஆடி, அதை யூடியூபில் வேடிக்கை வீடியோவாகப் போட்டான். தடை வந்தபின் அழுதபடி மன்னிப்புக் கேட்ட வீடியோ உலகமெங்கும் ஓடியது. பரிசுப் பணம் இல்லாத இடத்தில் செய்ததற்கு ஆயுள் தண்டனையா என்று ஒரு தரப்பு கொதித்தது. இத்தனை சிறுவர்கள் பார்க்கிற ஆள் செய்தால் அதுதான் சரி என்றது மறுதரப்பு.

இரண்டாம் தரப்பின் நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஹேக் விற்கிறவர்கள் டெலிகிராமில் நாள் கணக்குக்கும் வாரக் கணக்குக்கும் ஹேக்கைத் திறக்கும் ‘கீ’ விற்கிறார்கள். பெயருள்ள ஒருவன் எய்ம்பாட் போட்டுச் சிரித்துக்கொண்டே ஆடிக் காட்டினால், அவர்களுக்கு அது காசில்லாத விளம்பரம். அவன் வேடிக்கைக்குச் செய்ததைப் பார்க்கிற பையன்கள் பழக்கமாக்கிக்கொள்வார்கள். ஆகவே லைவில் செய்த குற்றத்தை, யாரும் பார்க்காமல் செய்த குற்றத்தோடு சமமாக எடைபோட முடியாது.

ஆனால் ஆயுள் தடை யார் மேல் விழுகிறது என்பது, ஆடுகிறவர்கள் கூடும் லாபியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். தடை ஐடிக்குத்தான். முகம் தெரியாத ஹேக்கர் மறுநாளே வேறு ஐடியில், போனையே தடை செய்தால் வேறு போனில் வருவான். அவனுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். முகமும் குரலும் ஊருக்குத் தெரிந்தவன் அப்படி வரமுடியாது. ஏட்டில் ஒரே தண்டனை; ஒருவனுக்கு ஒரு நாள், இன்னொருவனுக்கு வாழ்நாள். இதில் ஹேக் போட்டதற்கான தண்டனையை விட, பிரபலமாக இருந்ததற்கான தண்டனைதான் பெரிது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முடிவே இல்லாத தடை பையனின் வாயை அடைத்துவிடும். புகார் விசாரணையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணா, உண்மையைச் சொன்னா விட்டுருவீங்களா?” என்பதுதான். “விடமாட்டேன். ஆனா எப்ப முடியும்னு தேதி போட்டுத் தருவேன்” என்பேன். அந்தத் தேதிக்காகவே பேசுவார்கள். கீ யாரிடம் வாங்கியது, எந்தக் குழுவில், அணியில் வேறு யாருக்குத் தெரியும், எந்தப் போட்டியிலிருந்து ஆரம்பித்தது, எல்லாம் வரும். எத்தனை மணி நேரம் ரீப்ளே பார்த்தாலும் எனக்குக் கிடைக்காத விவரங்கள் இவை. ஆயுள் முழுக்கத் தடை என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு ஒப்புக்கொள்வதால் எந்த லாபமும் இல்லை. “நெட் லேக் அண்ணா”, “தம்பி எடுத்து ஆடிட்டான் அண்ணா” என்று கடைசிவரை சாதிப்பான். விற்றவன் பத்திரமாக இருப்பான். சதுரங்கத் தளமான செஸ்.காம் ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறவர்கள் புதுக் கணக்கோடு திரும்பிவர வழி வைத்திருப்பதன் பின்னாலும் இந்த எண்ணம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

வயதுக்கு வருவோம். பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஆட 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆடமுடியாது. ஆடும் நேரத்தைக்கூடத் தானாக முடிவுசெய்யத் தெரியாத குழந்தை என்று சொல்கிற அதே துறை, தண்டனை என்று வந்ததும் அவனை முழு மனிதனாக எடுத்துக்கொள்கிறது. பப்ஜி மொபைலில் ஹேக்குக்கு விழுகிற தடை 10 ஆண்டு. பதினைந்து வயதில் வாங்கினால் இருபத்தைந்தில் முடியும். அந்த வயதுக்குள் இந்தத் தொழிலில் பலர் ஓய்வே பெற்றுவிடுகிறார்கள். 2017இல் ஏமாற்று மென்பொருள் பற்றி வீடியோ போட்ட 14 வயதுப் பையன் மீது எபிக் வழக்கே போட்டது. மகனைப் பலிகடா ஆக்குகிறார்கள் என்று அவன் தாய் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நம் நாட்டுச் சிறார் நீதிச் சட்டம், 2015, சட்டத்தை மீறிய குழந்தைக்கும் பழைய பதிவு அழிந்த ஒரு புதுத் தொடக்கத்தைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. பொம்மைத் துப்பாக்கி ஆட்டத்தில் செய்த திருட்டுக்கு அதைவிடக் கடுமை ஏன்?

நிறுவனங்களும் மெல்ல இறங்கிவந்திருக்கின்றன. பெரிய போட்டிகளுக்கு வருமுன்பே தடை வாங்கியவர்கள், அது 5 ஆண்டு பழையதாக இருந்தால் தன் போட்டிகளில் ஆடலாம் என்று 2021இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டின் நிறுவனமான வால்வ் விதியை மாற்றியது. தடைபட்ட கணக்கு தடைபட்டபடியே கிடக்கும்; ஆளுக்கு மட்டும் கதவு திறக்கும். 2025இல் எபிக், முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு, மறுபடியும் செய்தால் ஆயுள் என்று ஆக்கியது. ஜார்விஸ் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தான்.

இதற்காக எல்லாரையும் மன்னித்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். 2018இல் ஷாங்காயில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி மேடையில், ஆப்டிக் இந்தியா அணிக்காக ஆடிய நிகில் குமாவத் கணினியில் ‘வேர்ட்’ என்று பெயரிட்டு ஒளித்துவைத்த ஹேக்கோடு பிடிபட்டார். அவரால் அணியே வெளியேற்றப்பட்டது; ஆப்டிக் நிறுவனம் அணியைக் கலைத்தது. ஒரு தவறும் செய்யாத நான்கு பேரின் உழைப்பு ஒரே நாளில் போயிற்று. அவருக்கு 5 ஆண்டுத் தடை. வளர்ந்த ஆள், சர்வதேச மேடை, பரிசுப் பணம், கூட ஆடியவர்களின் பிழைப்பு எல்லாம் பணயத்தில் இருந்த அந்தக் குற்றத்துக்கே முடிவுத் தேதி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் கையில் விதிப்புத்தகம் இருந்தால் இப்படித்தான் எழுதுவேன். பதினெட்டுக்குக் கீழே, முதல் முறை: ஓராண்டு. பரிசு வாங்கியிருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். கூட ஆடியவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும். லைவில் செய்தவன், எப்படிச் செய்தேன், ஏன் பிடிபட்டேன் என்று அதே சேனலில், அதே பார்வையாளர்கள் முன் சொல்ல வேண்டும். விளம்பரம் ஆனது எங்கேயோ அங்கேயே அது முறியட்டும். திரும்பி வந்தபின் சில காலம் ஒவ்வொரு போட்டிக்கும் ஹேண்ட்கேம் கட்டாயம். இரண்டாம் முறை செய்தால் நீண்ட தடை. ஆயுள் தடையை ஹேக் விற்கிறவனுக்கும், விற்பவனிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு ஆடிக் காட்டுகிறவனுக்கும் வைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அது தொழில். பையன்கள் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளனை ஆயுளுக்கும் வெளியே தள்ளிவிட்டுக் கடையைத் திறந்துவைத்திருப்பதால் எந்த லாபியும் சுத்தமாகாது.