உண்டியல் காசில் பறக்கும் ஆம்புலன்ஸ்

துறையூரிலிருந்து திருச்சி சுமார் 45 கிலோமீட்டர். புலிவலம், மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட் என்று ஊர்களை எண்ணிக்கொண்டே போனால் நேரம் போவதே தெரியாது. கையில் முறுக்குப் பொட்டலத்தோடு போகிறவருக்கு அது ஒரு தூரமே இல்லை. மடியில் மூச்சுத் திணறும் குழந்தையோடு போகிறவருக்கு அது வேறு தூரம். பச்சைமலை மேலே இருக்கும் ஒரு குக்கிராமத்திலிருந்து கணக்கை ஆரம்பித்தால் கிலோமீட்டருக்கே அர்த்தம் கிடையாது.

துறையூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மலைக்காரர்களுக்கு அவர் இன்றும் 'நர்ஸம்மா'தான். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித்தான் மலையிலிருந்து இறக்குவார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். ஒருமுறை அப்படி இறக்கிய பெண் பாதி வழியில், ஒரு பாறை ஓரத்தில் கண்ணை மூடிவிட்டாள். குழந்தை பிழைத்தது. நர்ஸம்மா அந்தக் கதையை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாறை வரை வந்து நிறுத்திவிடுவார்.

அவருடைய மகனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. லீவில் வந்தவன் பர்ஸைக் காலி செய்தபோது ஒரு 20 டாலர் நோட்டு கீழே விழுந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் முகம்.

"யாருடா இது, அவங்க ஊர் காந்தியா?"

"பாதிரியார்ம்மா. ஜான் ஃப்ளின். பறக்கும் டாக்டர் சர்வீஸை ஆரம்பிச்சவர்."

அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

அந்த நாட்டின் உள்பகுதி முழுக்கப் பொட்டல் காடு. 1917-ல் ஹால்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஜிம்மி டார்சி என்ற மாட்டுப் பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். டாக்டர் இருந்ததோ 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெர்த் நகரத்தில். அவர் தந்தியில் சொல்லச் சொல்ல, உள்ளூர் போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால் ஆபரேஷன் செய்தார்! பிறகு டாக்டரே கப்பலிலும் காரிலுமாகப் பல நாள் பயணம் செய்து போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் டார்சி இறந்துவிட்டார்.

அதே வருடம் கிளிஃபர்ட் பீல் என்ற இளைஞர், முதல் உலகப் போருக்குக் கப்பலில் போகும் வழியில் ஃப்ளின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். விமானத்தில் டாக்டரை அனுப்பினால் என்ன என்பதுதான் விஷயம். அடுத்த வருடம் பிரான்சில் பீல் போரில் இறந்துபோனார். அவர் சொன்னது நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

ஃப்ளின் ஊர் ஊராகப் பேசினார், பணம் திரட்டினார். அறுவடை இயந்திரம் செய்து விற்ற மெக்கே என்ற தொழிலதிபர் உயிலில் பெரும் தொகை எழுதி வைத்துவிட்டுப் போனார். குவாண்டாஸ் கம்பெனியிடம் மைலுக்கு இவ்வளவு என்று ஒரு விமானம் வாடகைக்குப் பேசி, 1928 மே 17 அன்று குளோன்கரி என்ற ஊரிலிருந்து முதல் டாக்டர் பறந்தார். முதல் வருடத்தில் 50 பயணங்கள், 225 நோயாளிகள்.

இதுவரை நர்ஸம்மா தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த விஷயத்துக்கு. விமானம் இருக்கிறது, சரி. பொட்டல் காட்டில் இருப்பவர் அதை எப்படிக் கூப்பிடுவார்? ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்தால் மின்சாரம் வரும். அதில் ரேடியோ வேலை செய்யும். 1929-ல் அது வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. பின்னாளில் பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். டாக்டர் ரேடியோவில் நம்பரைச் சொன்னால் போதும், வாயில் நுழையாத பெயரெல்லாம் வேண்டாம். ஒரு வேடிக்கைக் கதை அங்கே ரொம்பப் பிரபலம்: 9-ம் நம்பர் மாத்திரை தீர்ந்துவிட்டதால் ஒருவர் 4-ம் நம்பரையும் 5-ம் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம். இதைக் கேட்டு நர்ஸம்மா சிரிக்கவில்லை. "நம்ம மலையிலயும் இப்படிச் செய்யற ஆளுங்க உண்டு" என்றார்.

இன்று அந்த அமைப்பிடம் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள். அரசாங்கம் பெரும் பங்கு கொடுத்தாலும், விமானமும் கருவிகளும் வாங்க நன்கொடைதான் கைகொடுக்கிறது. இங்கிலாந்தில் 1987-ல் கார்ன்வால் பகுதியில் முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கிளம்பியது. அங்கே பல ஊர்களில் வாரம் ஒரு பவுண்டு லாட்டரி, பழைய துணி விற்கும் தர்மக்கடை என்று சில்லறை சேர்த்தே ஹெலிகாப்டரை ஓட்டுகிறார்கள். இளவரசர் வில்லியம் 2015 முதல் 2017 வரை அப்படி ஒரு சர்வீஸில் பைலட்டாக இருந்து, சம்பளத்தை தர்மத்துக்கே கொடுத்தார்.

நம் நாட்டில் விமான ஆம்புலன்ஸ் என்றால் லட்சக்கணக்கில் செலவு. வசதி இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ரிஷிகேஷ் எய்ம்ஸ் 2024 அக்டோபரில் இலவச ஹெலிகாப்டர் சேவையை ஆரம்பித்தது, அரசுப் பணத்தில். 2025 மே மாதம் கேதார்நாத்தில் நோயாளியை ஏற்றப் போன அந்த ஹெலிகாப்டர் இறங்கும்போது வால் உடைந்தது. நல்லவேளை, உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். மலையில் இறங்குவது அவ்வளவு சுலபமில்லை.

தர்மத்தில் வைத்தியம் நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஒரு காலத்தில் ஆரோக்கியசாலையும் இருந்தது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறது. அன்னதானத்துக்கு இன்றும் கேட்காமலே பணம் வருகிறது. ஆம்புலன்ஸுக்கு என்று உண்டியல் வைத்தால் வருமா என்பது வேறு கேள்வி.

மகனுக்கு வேகம் வந்துவிட்டது. "அம்மா, நாமளே இங்க ஒண்ணு ஆரம்பிச்சா என்ன? வெளிநாட்டுல இருக்கிற துறையூர்க்காரங்க எத்தனை பேர்!"

நர்ஸம்மா அவசரப்படவில்லை. தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதன் பிறகு எத்தனை உயிர் பிழைத்தது என்று அவருக்குக் கண்கூடாகத் தெரியும். ஆனால் 108-ஐ அழைக்க செல்போனில் டவர் வேண்டும். சில ஊர்களில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது, மேட்டுக்கு ஓட வேண்டும். வண்டி தார் ரோடு வரைதான் வரும். அங்கே வரை யார் கொண்டுவந்து சேர்ப்பது?

"ஃப்ளின் ஐயா பிளேன் மட்டுமா விட்டாரு? ரேடியோவும் கொடுத்தாருல்ல" என்றார்.

ஹெலிகாப்டர் பேச்சு அப்படியே நின்றது. மகன் ஊருக்குத் திரும்புவதற்கு முன் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனான். மலையில் ஜீப் ஓட்டும் ஒருவரிடம் நர்ஸம்மா பேசி வைத்திருக்கிறார். பிரசவம், பாம்புக்கடி என்று ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் டீசல் காசு கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டும். காசு இவர் தருவார். கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அதில் ஒரு பயணம் மட்டும் வீண், பொய் வலி. அதற்கு டீசல் காசே வேண்டாம் என்று ஜீப்காரர் சொல்லிப் பார்த்தார். நர்ஸம்மா விடவில்லை. நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.