ஒரே டிகிரி, ஊருக்கொரு குளிர்

இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்களைத் தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று 'கலன்'. ஜனவரி பிறந்துவிட்டால் லக்னோ, கான்பூர், வாராணசிப் பத்திரிகைகளின் தலைப்புகளில் தவறாமல் தென்படும். பனிக்கட்டி கரைவதற்கும் பருப்பு வெந்து குழைவதற்கும் இந்தியில் வழங்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. கையும் காலும் கரைந்துபோகிற மாதிரியான ஈரக் குளிர் என்று பொருள். பீகாருக்குள் நுழைந்தால் 'கன்கனி' என்கிறார்கள். அது சுரீரென்று உள்ளே பாயும் குளிர். தமிழில் எழுதும்போது இரண்டுமே 'கடுங்குளிர்' ஆகிவிடுகின்றன.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, கூதிர், முன்பனி, பின்பனி என்று பாதியைக் குளிருக்கே கொடுத்துவிட்டார். வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு 'வாடை' என்று பெயர். (இன்று அந்தச் சொல் மூக்கோடு நின்றுவிட்டது.) ஆனால் நம் இலக்கியக் குளிர் மழையின் ஈரத்தோடு வருவது, பெரும்பாலும் பிரிந்திருக்கும் காதலர்களை வாட்டுவது. உயிரை எடுக்கும் குளிர் வேறு.

பிரேம்சந்தின் 'பூஸ் கீ ராத்' கதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தலைப்பிலேயே சிக்கல். 'பூஸ்' மாதம் ஏறக்குறைய நம் மார்கழிதான். ஆனால் 'மார்கழி' என்று எழுதியதுமே தமிழ் வாசகருக்குக் கோலமும் திருப்பாவையும் சூடான வெண்பொங்கலும் நினைவுக்கு வரும். கதையில் வரும் ஹல்கு, கம்பளி வாங்கச் சேர்த்து வைத்த மூன்று ரூபாயைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, வயலைக் காவல் காக்க நாயோடு போய் இரவெல்லாம் நடுங்குகிறான். மாதம் ஒன்றுதான். குளிர் ஒன்றல்ல.

தெர்மாமீட்டரை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். ராஜஸ்தானின் சூருவில் ஜனவரி இரவு 2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். சில நாட்களில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஈரமில்லாத காற்று, மேகமற்ற வானம், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கைவிட்டுவிடும் மணல். ஆனால் காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியம் 22 டிகிரி. ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளலாம். லடாக்கின் லே நகரில் இது இன்னும் விசித்திரம். 3,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வெயிலில் நிற்கும் முகம் கருகும். சுவரின் நிழலுக்கு நகர்ந்தால் விரல்கள் மரத்துப்போகும்.

கங்கைச் சமவெளியில் இந்தச் சலுகை கிடையாது. மேற்கிலிருந்து வரும் மழை மண்ணை நனைத்துவிட்டுப் போன பிறகு, காற்றடங்கிய இரவுகளில் தரை குளிர்ந்து, ஈரம் மூடுபனியாகப் படிகிறது. அது கலைய மறுக்கும் நாட்களில் இரவு 7 டிகிரி என்றால் பகல் 12. துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. படுக்கை, தலையணை, நாற்காலி எல்லாமே ஜில்லென்று ஈரம் கோத்திருக்கும். 2019 டிசம்பர் 30 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான், 1901க்குப் பிறகு தலைநகர் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர் பகல் அது.

வீடுகளும் எதிரிக்குத் துணை போகின்றன. மே மாதத்து 45 டிகிரிக்காகக் கட்டப்பட்டவை அவை: உயர்ந்த கூரை, மொசைக் தரை, காற்று புகும் ஜன்னல்கள். குளிர்காலத்தில் உள்ளே இருப்பதைவிட மொட்டை மாடி வெயிலே சுகம். வீடு வீடாகச் சால்வை விற்க டெல்லிக்கு வரும் காஷ்மீரிகளிடம் பேசிப் பாருங்கள். எங்கள் ஊரில் வெளியேதான் குளிர், இங்கே வீட்டுக்குள்ளும் குளிர் என்று அலுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் ஊரில் குளிருக்குக் காலண்டரே உண்டு. டிசம்பர் 21இல் தொடங்கும் 'சில்லை கலான்' 40 நாள். பிறகு 20 நாள் 'சில்லை குர்த்'. கடைசி 10 நாள் 'சில்லை பச்சா', குட்டிக் குளிர். 'சில்லை' என்பது தமிழ்ச் 'சில்லிப்பு' அல்ல. நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. கோடையிலேயே கத்தரி, தக்காளி, சுரைக்காயை நறுக்கி வெயிலில் உலர்த்தி வைத்துவிடுகிறார்கள். வசதியுள்ள வீடுகளில் 'ஹமாம்': கீழே விறகெரிய, மேலே கல்தளம் சூடேறும் அறை. எல்லாருக்கும் பொதுவானது காங்கடி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சாம்பல் மூடிய கரித்தணல். தொளதொள 'ஃபெரன்' அங்கிக்குள் அதை அணைத்தபடியே கடைக்குப் போவார்கள், அரசியல் பேசுவார்கள். இதற்கும் விலை உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் சூடு பட்டு வரும் தோல் புற்றுநோய்க்கு மருத்துவ நூல்களில் 'காங்கடி புற்றுநோய்' என்றே பெயர்.

கடற்கரைக்காரர்களின் குளிரை வடக்கத்தியர்கள் கேலி செய்வது வழக்கம். 20 டிகிரிக்கு மஃப்ளரா என்று சிரிப்பார்கள். ஆனால் இந்திய வானிலைத் துறை சிரிப்பதில்லை. இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் குளிர் அலை என்று சொல்லும் அந்தத் துறை, கூடவே வைக்கும் வரம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது: மலையில் 0, சமவெளியில் 10, கடலோரத்தில் 15 டிகிரி. உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ அதுவே அளவுகோல் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி.

அந்த அளவுகோல், கூரை இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். நிவாரண நிதி பெறத் தகுதியான பேரிடர்களின் பட்டியலில் குளிர் அலை சேர்ந்ததே 2012இல்தான். டெல்லியில் இரவுத் தங்குமிடங்கள் பெருக 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இன்றும் மேம்பாலங்களுக்கு அடியில் ரிக்‌ஷாவிலேயே சுருண்டு படுப்பவர்கள் உண்டு. ஒற்றை அறையில் குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டு கரி அங்கீட்டியை மூட்டி, கார்பன் மோனாக்சைடில் காலையில் எழுந்திருக்காமல் போகும் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. உள்பக்கத்தில், நாலு வரியில்.

இந்தக் குளிர் வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்களும் உண்டு. கோதுமைக்குக் குளிர் நல்லது; ஜனவரியில் சூடு ஏறினால் விவசாயிக்கு வயிறு கலங்கும். ஆனால் 'பாலா' விழுந்துவிடக் கூடாது. உறைபனிக்கு அங்கே அந்தப் பெயர். ஒரே இரவில் உருளைக்கிழங்குச் செடியும் கடுகுப் பூவும் கருகிவிடும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் மண்ணின் சூடு சற்றே தங்கும் என்பதால், பாலா விழும் என்று தோன்றும் இரவுகளில் நீர் பாய்ச்சுகிறார்கள். பல ஊர்களில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் வருவதே நள்ளிரவுக்குப் பிறகுதான். ஒரு கையில் டார்ச், மறு கையில் மண்வெட்டி, தலையைச் சுற்றிய கம்பளி. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி மடை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.