உத்திரமேரூரில் பனி பெய்யுமா?

பெய்யும். மார்கழி பிறந்துவிட்டால் தினமுமே பெய்யும். ஆனால் சினிமாவில் கதாநாயகி உருண்டை பிடித்து எறிகிறாளே, அந்தப் பனி பெய்யாது. ஒரே கேள்விக்கு இப்படி இரண்டு பதில் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் நம் தமிழ்தான். புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனி. விடியற்காலையில் எதிரே வரும் பஸ்ஸை மறைக்கிற படலமும் பனி. இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனி!

இதனால் எங்கள் சித்தி வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. சித்தி உத்திரமேரூர்வாசி. பிள்ளை டொராண்டோவில் இருக்கிறான். போன மார்கழியில் நான் அங்கே போயிருந்தபோது டெலிபோனில் கூப்பிட்டான்.

"இங்கே ஒரே பனிம்மா. வாசல்படியே தெரியலே."

"இங்கேயும் அதே கதைதான்டா. தலையிலே துண்டைக் கட்டிக்காமே வாசல் தெளிக்கப் போக முடியலே."

பிள்ளை சிரித்தான். "உன் பனியை ஒரு டம்ளர்லேகூடப் பிடிக்க முடியாதும்மா. இங்கே மண்வெட்டியாலே அள்ளிப் போடணும்!"

அள்ளிப் போடுகிற பனி நம் பக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்கிறீர்களா? அதற்கு மேகமும் வேண்டும். அந்த மேகத்திலிருந்து தரை வரைக்கும் நீரை உறைய வைக்கிற குளிரும் வேண்டும். நம்மிடம் இவை இரண்டும் சேர்ந்து வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மேகம் என்பது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. பகலில் தரை வாங்கிக் கொண்ட சூட்டை ராத்திரியில் லேசில் வெளியே விடாது. மழை ஓய்ந்து வானம் நிர்மலமான பிறகுதான் அந்தச் சூடு தங்குதடையின்றி ஆகாயத்துக்குப் போகிறது. நமக்கும் நடுக்கம் ஆரம்பிக்கிறது. ஆக, மேகம் இருக்கும்போது குளிர் இல்லை. குளிர் வந்தபோது மேகம் இல்லை.

அந்தக் குளிரும் எவ்வளவு? சென்னை நகரில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு முறை, 1905 ஜனவரியில் ஒரு முறை. தண்ணீர் உறைவதற்குப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். மேலே ஏறிப் போய்ப் பார்க்கலாமென்றால், நம் வானத்தில் சாதாரணமாக நாலரை கிலோமீட்டருக்கு மேலேதான் காற்று அந்த நிலைக்கு வரும். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உத்திரமேரூரோ நூறு மீட்டரைக்கூட எட்டாத சமதரை!

"ஊட்டியில் புல்வெளி வெள்ளை வெளேரென்று இருக்கிறதே?" என்பீர்கள். அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. தெளிந்த ராத்திரியில் தரை குளிர்ந்து, அதன் மேல் படிந்த ஈரம் அங்கேயே உறைந்துவிடுகிறது. அதுதான் உறைபனி. பார்க்க அழகு, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். நம் சமவெளியில் வானத்திலிருந்து கட்டியாக ஐஸ் விழுவதும் உண்டு. அது ஆலங்கட்டி மழை. விழுவதோ பெரும்பாலும் கோடையில்!

சரி, உத்திரமேரூருக்கு வருவோம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் வருஷங்களில், குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம், பொன்னைப் பார்க்கப் பொன் வாரியம். குளிருக்கென்று ஒரு வாரியம் இல்லை! அவர்களுடைய கவலையெல்லாம் மழைத் தண்ணீரை நிறுத்தி வைப்பதில்தான் இருந்தது. கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற அந்த ஏரி, பல்லவர் காலத்திலிருந்து இன்று வரை ஊருக்குச் சோறு போடுகிறது.

மழையில் ஏரி நிறைந்தால், மார்கழியிலும் தையிலும் நவரைப் பட்டத்துக்கு நடவு நடும். அதாவது, வருஷத்தில் எந்த மாசம் நாம் போர்வையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் புரளுகிறோமோ, அந்த மாசத்தில்தான் பெண்கள் சேற்றில் இறங்குகிறார்கள்.

ஏரிக்கரைக்குப் போனபோது அவர்களைப் பார்த்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. முழங்கால் வரைக்கும் தண்ணீர். கரையில் நாற்று முடியை எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்த ஒரு பெரியவளிடம், "குளிரலையா அக்கா?" என்றேன். என் தோளில் சால்வை.

அவள் அந்தச் சால்வையை ஒரு பார்வை பார்த்தாள். "குளிராமே இருக்குமா? டிவியிலே காஷ்மீரைக் காட்டறாங்க. குளிருதுன்னு கம்பளி போட்டுக்கிட்டு நெருப்பண்டை குந்திக்கிறாங்க. நாங்க ஈரப் பொடவையோட தண்ணியிலே நிக்கிறோம். ராத்திரிக்கும் இதே பொடவைதான் போர்வை."

இருபது டிகிரி என்று பத்திரிகையில் படித்துவிட்டு, "இதுவும் ஒரு குளிரா?" என்று நாம் சிரிக்கிறோம். கம்பளி உள்ளவருக்கு அது சுகமான குளிர். ஈரத் துணியோ உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உஷ்ணமானிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மார்கழி கடைசியில் போகி வருகிறது. பரணிலிருந்து பழைய ஜமக்காளம், நைந்த கம்பளி, கிழிந்த போர்வை எல்லாவற்றையும் இறக்கி வாசலில் கொளுத்துகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 2018 ஜனவரி 13-ஆம் தேதி போகிப் புகையும் மூடுபனியும் கைகோத்துக் கொண்டு சென்னை விமான நிலையத்தையே திணற அடித்தது நினைவிருக்கும். புகை மட்டுமா போகிறது? நடுங்குகிறவர்களின் சூடும் அதோடு போகிறது.

பொங்கலோடு குளிர் போய்விடுகிறது என்றும் நினைக்காதீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. முன்பனி முடிந்தால் பின்பனி என்று, மாசி, பங்குனிக்கும் சேர்த்தே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள்.

ஆகவே இந்த வருஷம் அந்தக் கம்பளியைத் துவைத்து, ஒரு நாள் வெயிலில் காயப் போடுங்கள். கிழிசல் இருந்தால் நாலு தையல் போடுங்கள். கருக்கலில் உங்கள் தெருவைப் பெருக்குகிற பெண்ணிடமோ, பால் பாக்கெட் கொண்டு வரும் பையனிடமோ, கிராமத்து உறவினர் வீட்டு நடவாட்களிடமோ போகிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குளிருக்கு ஒரு வாரியம் வேண்டுமானால், அதை நம் வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம்.