எருக்கிலையும் எஃகு வாளும்

டமாஸ்கஸ் வாளின் புகழை அறியாதார் இலர். அவ்வாளுக்குரிய எஃகு நம் தென்னாட்டிலிருந்தும் கப்பலேறிற்று என்பதை அறிந்தவர் சிலரே. சேலம், திருச்சி ஜில்லாக்களின் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு களிமண் மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, மண் பூசிக் கரியுலையில் காய்ச்சினர். குச்சியும் இலையும் கரிந்து தந்த கரிச்சத்தை ஏற்று இரும்பு எஃகாயிற்று.

ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை எருக்கைக் களையென்றே என் மாணாக்கர் மிதித்துச் செல்வர். ஆகவே அதை வகுப்பிலேயே காட்டி இவ்வரலாற்றைச் சொல்வதுண்டு. 1819-ல் லண்டனில் இவ்வெஃகைச் சோதித்தவர் மைக்கேல் பாரடே என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். அப்பெயர் அவர்களுக்குப் பாடம்.

"உருக்கிய கொல்லர் பெயர் என்ன, ஐயா?" என்றாள் ஒரு சிறுமி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமை எஃகு மலிவாய் வந்திறங்க, நம் உலைகள் அணைந்தன. கொல்லர் பெயர்களை எழுதிவைப்பார் இல்லை. அவளிடம் அதையே சொன்னேன்.